மீன்குஞ்சுத் தீவனத்தில் பூண்டு, மஞ்சள், கருஞ்சீரகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மீன்குஞ்சு வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் மாதக் கணக்குதான் முதலில் வரும். எத்தனை விட்டீர்கள், எத்தனை தேறின? அந்த முதல் மாதத்தில் தீவனத்தோடு கொஞ்சம் பூண்டோ இஞ்சியோ கருஞ்சீரகமோ சேர்த்தால் குஞ்சுகள் தெம்பாக இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். இருக்கும். ஆனால் எப்போது, எவ்வளவு, எதற்காக என்று தெரிந்து கொடுக்க வேண்டும். கை போன போக்கில் கொடுத்தால் காசும் போகும், சில நேரம் குஞ்சும் போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நாற்றங்கால் தொட்டிகளின் (குஞ்சுகளை முதலில் வளர்க்கும் தொட்டிகளின்) பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

தீவனத்தில் ஏற்கெனவே சோயாவும் தவிடும் இருக்கின்றனவே. தாவரச் சேர்க்கை என்று தனியாக எதைச் சொல்கிறீர்கள்?

சோயா, தவிடு, புண்ணாக்கு எல்லாம் வயிற்றை நிரப்புபவை. புரதத்துக்கும் சக்திக்கும் அவற்றைப் பெரிய அளவில் போடுகிறோம். இங்கே நாம் பேசுவது ஒரு கிலோ தீவனத்துக்குச் சில கிராம் மட்டுமே சேரும் பொருள்களைப் பற்றி. பூண்டுப் பொடி, மஞ்சள், இஞ்சி, கருஞ்சீரகம், வெந்தயம், துளசி, கீழாநெல்லி, கற்றாழைக் கூழ், ஓமம் போன்றவற்றின் எண்ணெய்கள் எல்லாம் இந்த வகை. பசியைத் தூண்டுவது, செரிமானத்துக்கு உதவுவது, நோய் எதிர்ப்பை முடுக்கிவிடுவது ஆகியவைதான் இவற்றின் வேலை. இவற்றால் குஞ்சின் எடை கூடினால், அது பெரும்பாலும் உண்ட தீவனம் நன்றாகச் செரித்ததால் கூடிய எடை.

பெரிய மீனை விட்டுவிட்டுக் குஞ்சுக்கு ஏன் இவ்வளவு கவனம்?

முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு, தாய் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்றோடு வருகிறது. வயிற்றோடு ஒட்டியிருக்கும் கருவுணவுப் பையில் சத்து மட்டும் இருப்பதில்லை, தாயின் உடலிலிருந்து வந்த நோய் எதிர்ப்புப் பொருள்களும் கொஞ்சம் இருக்கும். அந்தப் பை சில நாளில் கரைந்துவிடும். குஞ்சின் உடல் சொந்தமாக, ஒவ்வொரு நோய்க்கிருமியையும் நினைவில் வைத்து எதிர்க்கும் ஆற்றலை வளர்த்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். சில இனங்களில், குளிர்ந்த நீரில், மாதங்கள்கூட ஆகலாம்.

நடுவில் இருக்கும் இந்த இடைவெளிதான் ஆபத்தானது. கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது, சொந்த அடுப்பு இன்னும் மூட்டப்படவில்லை. இந்த நாட்களில் குஞ்சைக் காப்பாற்றுவது பிறவியிலேயே இருக்கும் பொதுப் பாதுகாப்பு மட்டும்தான்: மேல்தோலில் படர்ந்திருக்கும் வழவழப்பு, அந்த வழவழப்பில் பாக்டீரியாவின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற நொதி, கிருமியை விழுங்கும் வெள்ளணுக்கள். இதே காரணத்தால்தான் மிகச் சிறிய குஞ்சுக்குத் தடுப்பூசி பெரிதாகப் பலன் தருவதில்லை. ஊசி சொல்லித்தரும் பாடத்தைப் படித்து வைத்துக்கொள்ளும் உறுப்புகள் இன்னும் தயாராகவில்லை. தாவரச் சேர்க்கைகள் தொடுவது அந்தப் பொதுப் பாதுகாப்பை. அதனால்தான் பெரிய மீனைவிடக் குஞ்சுப் பருவத்தில் இவற்றுக்கு மதிப்பு அதிகம்.

உள்ளே போய் என்னதான் செய்கின்றன?

செடிக்குச் செடி வேறு. கற்றாழைக் கூழில் உள்ளதைப் போன்ற சில நீள்சர்க்கரைகளைக் குடல் சுவரில் உள்ள காவல் அணுக்கள் அந்நியப் பொருளாக உணர்ந்து விழித்துக்கொள்கின்றன. எதிரி இன்னும் வரவில்லை, ஆனால் காவலர்கள் எழுந்து நிற்கிறார்கள். பூண்டின் அல்லிசினும் ஓம எண்ணெயின் தைமாலும் குடலில் இருக்கும் கெட்ட பாக்டீரியாக்களின் பெருக்கத்தை நேரடியாகவே தடுக்கும். இஞ்சியும் கருஞ்சீரகமும் செரிமான நொதிகளின் சுரப்பைக் கூட்டும். மஞ்சளின் குர்க்குமினும் கீழாநெல்லியும் அதிகம் பேசப்படுவது கல்லீரலுக்காக. நெருக்கமாக வளரும் குஞ்சுக்கு வரும் அழுத்தமும் கொழுப்பு மிகுந்த தீவனமும் முதலில் கெடுப்பது கல்லீரலைத்தான்.

நோய் எதிர்ப்பு முழுமையாக எழுந்து நிற்க ஓரிரண்டு வாரமாவது வேண்டும். இன்று போட்டு நாளை பலன் பார்க்கும் பொருள் இல்லை இது.

எந்தச் செடியிலிருந்து தொடங்கலாம்?

ஒரே ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றால் பூண்டு. கெண்டை, திலேப்பியா, கெளுத்தி, ட்ரவுட், கொடுவா என்று பல இனங்களில் சோதித்துப் பார்க்கப்பட்டது. எளிதாகக் கிடைக்கும், வாசனையால் பல இனங்கள் தீவனத்தை வேகமாக எடுக்கும். அடுத்து இஞ்சி, கருஞ்சீரகம். மஞ்சள் நல்லதுதான், ஆனால் குர்க்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயில் குழைத்துக் கொடுக்காவிட்டால் பெரும்பகுதி குடல் வழியாக அப்படியே வெளியேறிவிடும். வெந்தயத்தில் சப்போனின் என்ற, அளவு மீறினால் மீனுக்கு நஞ்சாகும் பொருள் இருக்கிறது, அதனால் அளவில் கவனம் வேண்டும். கற்றாழையில் தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் நிறப் பால் பேதியைக் கிளப்பும். அதை முழுக்க வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற கூழை மட்டும் எடுக்க வேண்டும்.

முருங்கை இலையைப் பலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். காய்ந்த முருங்கை இலையில் கால் பங்கோ அதற்கு மேலோ புரதம் இருக்கிறது. அதனால் அது மருந்து வரிசையையும் தாண்டி உணவு வரிசைக்குப் போய்விடுகிறது. திலேப்பியாவில், தீவனப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரை முருங்கை இலையிலிருந்து வந்தால் வளர்ச்சி குறையவில்லை. அதற்கு மேல் போனால் இலையின் டானினும் சப்போனினும் வளர்ச்சியைப் பின்னுக்கு இழுக்கின்றன.

ஐந்தாறு செடிகளை ஒன்றாகக் கலக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். முதல் தடவை வேண்டாம். ஒன்று மட்டும் கொடுங்கள். நல்லதோ கெட்டதோ எதனால் வந்தது என்று அப்போதுதான் தெரியும்.

எந்த வயதிலிருந்து கொடுக்கலாம்?

குஞ்சு உலர்தீவனத்தை ஒழுங்காக எடுக்கத் தொடங்கிய பிறகு. பல இனங்களில், முதல் இரை உண்ணும் நாட்களில் அதன் குடல் ஒரு நேர்க்குழாய்தான்; ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா, மொய்னா போன்ற நுண்ணிய நீர்வாழ் உயிர்களான உயிருணவைத் தவிர வேறு எதையும் சரியாகச் செரிக்காது. ஆர்ட்டீமியாவுக்கு மூலிகைச் சாற்றை ஊட்டி, அதைக் குஞ்சுக்குக் கொடுக்கும் முறை பொரிப்பகங்களில் இருக்கிறது. அது நுணுக்கமான வேலை, நாற்றங்காலில் அவசியமில்லை. குருணைத் தீவனத்துக்கு மாறி ஒரு வாரம் ஆகட்டும். எல்லாக் குஞ்சும் தீவனத்துக்கு ஓடி வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு தொடங்குங்கள்.

சரி, எவ்வளவு?

உலர்ந்த பொடியாக, தீவன எடையில் அரை சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்குள்தான் பெரும்பாலான சோதனைகள் நடந்திருக்கின்றன. அதாவது ஒரு கிலோ தீவனத்துக்கு 5 முதல் 20 கிராம். பூண்டும் இஞ்சியும் 5 முதல் 10 கிராம், கருஞ்சீரகம் 10 முதல் 20 கிராம், மஞ்சள் 2 முதல் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் தப்பில்லை. வாசனை எண்ணெய்கள் வேறு கணக்கு. அவை வடித்தெடுத்த சாரம் என்பதால் கிலோவுக்கு 1 கிராம் அளவிலேயே நின்றுவிட வேண்டும். குஞ்சுக்கு எப்போதும் கீழ் எல்லையிலிருந்து தொடங்குங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்களிடம் 10,000 குஞ்சுகள், சராசரி எடை 2 கிராம். மொத்தம் 20 கிலோ மீன். உடல் எடையில் 6 சதவீதம் தீவனம் என்றால் ஒரு நாளைக்கு 1.2 கிலோ. கிலோவுக்கு 10 கிராம் பூண்டுப் பொடி என்றால் நாளுக்கு 12 கிராம். பொடி இல்லை, பச்சைப் பூண்டுதான் இருக்கிறது என்றால், அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். எனவே 12 கிராம் பொடிக்கு ஏறத்தாழ 35 கிராம் உரித்த பூண்டு. ஒரு கைப்பிடிக்கும் குறைவு. 10,000 குஞ்சுக்கு இவ்வளவுதானா என்று தோன்றும், கை தானாகவே இன்னும் கொஞ்சம் அள்ளும். தராசில் நிறுத்துப் போடுங்கள்.

கூடினால் என்ன ஆகும் என்பதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தொட்டியில் பூண்டு மூன்று மடங்காகிவிட்டது. குஞ்சுகள் வழக்கம்போல ஓடி வந்து வாயில் எடுத்தன, உடனே துப்பின. மறுபடி எடுத்தன, மறுபடி துப்பின. கால் மணி நேரத்தில் தீவனம் முழுக்க அடியில் படிந்து, தண்ணீர் பால் போலக் கலங்கியது. அன்று மாலை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டியிருந்தது. நோய் வராமல் காக்கப் போட்ட பொருளே நோய்க்கு வாசல் திறந்துவிட்டது.

எப்படிக் கலப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பூண்டை எடுத்துக்கொள்வோம். உரித்த பல்லை முதலில் நன்றாக நசுக்குங்கள், அரைத்துவிட்டால் இன்னும் நல்லது. நசுக்கியதும் கலக்கக் கூடாது. ஒரு பத்து நிமிடம் அப்படியே திறந்து வையுங்கள். முழுப் பல்லுக்குள் அல்லிசின் இல்லை. அதன் மூலப்பொருளும் அதை மாற்றும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நசுங்கும்போது சுவர் உடைந்து இரண்டும் சேர்ந்தால்தான் அல்லிசின் உருவாகிறது. அந்தக் காரமான வாடை எழும் வரை காத்திருங்கள், மூக்கே சொல்லும். நசுக்காமல் வேகவைத்தாலோ வறுத்தாலோ நொதி செத்துப்போகும், அப்புறம் எவ்வளவு அரைத்தாலும் அல்லிசின் வராது.

பத்து நிமிடம் கழித்து, அந்த விழுதை ஒரு கிலோ தீவனத்துக்கு 20 முதல் 30 மில்லி எண்ணெயில் குழைத்துக்கொள்ளுங்கள். மீன் எண்ணெய் இருந்தால் சிறப்பு, இல்லாவிட்டால் சமையல் எண்ணெய் போதும். தீவனத்தை அகலமான தாம்பாளத்தில் பரப்பி, எண்ணெய்க் குழைவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, விரல் நுனியால் மேலும் கீழுமாகப் புரட்டுங்கள். பிசைய வேண்டாம், குருணை உடைந்துவிடும். எல்லாக் குருணையும் ஒரே போல மினுங்கினால் கலவை சரி. அங்கங்கே ஈரத் திட்டாகவும் மற்ற இடத்தில் உலர்ந்தும் இருந்தால், சில குஞ்சுக்கு இரண்டு மடங்கு போகும், சிலதுக்கு ஒன்றுமே போகாது.

பிறகு நிழலில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். வெயிலில் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பூச்சு குருணைக்குள் இறங்கி, தண்ணீரில் போட்டதும் கரைந்து ஓடாமல் நிற்கும். ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் எடுத்து நாலு குருணையைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் தண்ணீர் கலங்கினால் பூச்சு பிடிக்கவில்லை. கொஞ்சம் முட்டை வெள்ளைக்கருவையோ, வெந்நீரில் கரைத்து ஆறவைத்த ஜெலட்டினையோ மேலே பூசினால் பிடித்துக்கொள்ளும்.

அன்றன்று வேண்டியதை அன்றன்றே கலக்குங்கள். அல்லிசின் நாள் கணக்கில் தங்காது, நசுக்கிய பூண்டிலிருந்து மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே இருக்கும்.

பொடிகளைப் பயன்படுத்தினால் மாவு போல மிக நைசாக அரைத்துச் சலிக்க வேண்டும். குஞ்சின் வாய்க்கு ஒரு நார்த்துணுக்குகூடப் பெரியது.

தீவனம் தயாரிக்கும்போதே மாவில் சேர்த்துவிட்டால் வேலை மிச்சமாகுமே?

மஞ்சள், வெந்தயம், கீழாநெல்லி போன்றவற்றைச் சேர்க்கலாம். பூண்டும் வாசனை எண்ணெய்களும் சூட்டில் ஆவியாகியோ சிதைந்தோ போகும். மிதவைத் தீவனம் பிழியும் இயந்திரத்தில் சூடு 100 டிகிரியைத் தாண்டும். எனவே அவற்றைப் பிறகு மேலே பூசுவதுதான் வழி.

தினமும், தொடர்ந்து கொடுக்கலாமா?

வேண்டாம். காவலரை நாள் முழுக்க விசில் ஊதி எழுப்பிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் விசிலுக்கு மதிப்பு போய்விடும். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருள்களை நீண்ட நாள் இடைவிடாமல் கொடுத்தால் பலன் ஏறி, நின்று, பிறகு இறங்குவதைப் பல இனங்களில் பார்த்திருக்கிறார்கள். மூன்று அல்லது நான்கு வாரம் கொடுத்து, இரண்டு வாரம் சாதாரணத் தீவனம், தேவைப்பட்டால் மறுபடி என்று சுழற்றுங்கள்.

அதைவிட முக்கியம், நேரம் பார்த்துக் கொடுப்பது. குஞ்சை ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப் போகிறீர்கள், தரம் பிரிக்கப் போகிறீர்கள், பருவம் மாறி நீர்ச்சூடு ஏறி இறங்கும் நாட்கள் வருகின்றன. இவை எல்லாமே முன்கூட்டித் தெரிபவை. அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொடங்கினால், அழுத்தம் வரும் நாளில் எதிர்ப்பாற்றல் உச்சத்தில் இருக்கும்.

குஞ்சுகள் சாகத் தொடங்கிவிட்டன. இப்போது மூலிகைத் தீவனம் கொடுத்தால் நிற்குமா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனம் கனக்கிறது, ஏனென்றால் பெரும்பாலும் இது தாமதமாகத்தான் வருகிறது. நோய் வந்த மீன் முதலில் விடுவது தீவனத்தை. தீவனத்தின் வழியே கொடுக்கும் எதுவும், சாப்பிடும் மீனுக்குத்தான் போய்ச் சேரும். சாகப்போகும் மீனுக்குப் போகாது. இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவற்றுக்குக் கொஞ்சம் உதவலாம், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வேறு. தீவனத்தைக் குறையுங்கள் அல்லது ஒரு நாள் நிறுத்துங்கள். அதிகாலையில் ஆக்சிஜனை அளந்து பாருங்கள், இரவு முழுக்க ஏறாமல் இறங்கிக்கொண்டே வந்து மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். அம்மோனியாவைச் சோதியுங்கள். செத்ததை உடனுக்குடன் எடுங்கள். செவுளிலும் தோலிலும் ஒட்டுண்ணி இருக்கிறதா என்று, உயிரோடு தளர்ந்திருக்கும் குஞ்சை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். ட்ரைக்கோடைனா போன்ற செவுள் ஒட்டுண்ணியோ வெண்புள்ளி நோயோ இருந்தால், வயிற்றுக்குள் போகும் பூண்டால் அது உதிராது. தண்ணீர் வழியாகத்தான் மருத்துவம். மீன் நோய் மருத்துவர் ஒருவரை அழைப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அப்படியென்றால் ஆன்டிபயாடிக்குக்கு இது மாற்று இல்லையா?

நோய் தீர்க்கும் மருந்தாக மாற்று இல்லை. நோய் வராமல் இருக்க என்று வழக்கமாகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கத்துக்கு நிச்சயம் மாற்று. அந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். தண்ணீரில் கரையும் ஆன்டிபயாடிக் அந்தக் குளத்தோடு நிற்காது; எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாக்கள் சேற்றிலும் வாய்க்காலிலும் தங்கிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை 2006 ஜனவரி 1 முதல் முழுக்கத் தடை செய்தது. குளோராம்பெனிகாலும் நைட்ரோஃப்யூரான்களும் உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குப் பல நாடுகளில் தடை செய்யப்பட்டவை.

நீர்வாழ் குஞ்சுகளைக் கொல்லும் ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா நல்ல குளத்திலும் இருக்கத்தான் செய்யும். மீன் தளரும் நாளுக்காக அது காத்திருக்கிறது. அந்தத் தளர்ச்சி வராமல் பார்ப்பதில் மூலிகைக்கு ஒரு பங்கு உண்டு.

மூலிகைதானே, கூடிப்போனாலும் கெடுதல் இருக்காதே?

இந்த ஒரு நம்பிக்கையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். குளத்தில் குஞ்சு விடுவதற்கு முன் வேண்டாத மீன்களைக் கொல்ல நாம் எதைப் போடுகிறோம்? இலுப்பைப் புண்ணாக்கு. அதில் உள்ள சப்போனின் மீனின் சிவப்பணுக்களை உடைத்துக் கொன்றுவிடுகிறது. ஒரு மீட்டர் ஆழமுள்ள ஒரு ஹெக்டேர் குளத்தைச் சுத்தம் செய்ய 2,000 முதல் 2,500 கிலோ போடுவார்கள். தேயிலை விதைப் புண்ணாக்கும் இதே வேலையைச் செய்யும். டெர்ரிஸ் வேரில் இருக்கும் ரோட்டினோன், மீனின் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதையே தடுக்கும். எல்லாமே செடிகள்தான். கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் கலந்து மீனை மயக்கி எடை பார்ப்பார்கள். அளவு கூடினால் அந்த மீன் எழுந்திருக்காது.

சின்ன அளவில் நன்மை செய்யும் அதே சப்போனின், வெந்தயத்திலும் இருக்கிறது. சுபாபுல் இலையில் மைமோசின், பருத்திக் கொட்டையில் காசிப்போல், வேகாத சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் என்று ஒவ்வொரு செடியும் தன்னைக் காத்துக்கொள்ள ஏதோ ஒன்றை வைத்திருக்கிறது. பப்பாளி விதையைக் கூடுதலாகக் கொடுத்தால் திலேப்பியாவின் இனப்பெருக்க உறுப்புகள் பாதிக்கப்படுகின்றன; தாய்மீனாக வளர்க்க எண்ணும் குஞ்சுக்கு அது ஆகாது.

இன்னொரு ஆபத்து, பூஞ்சை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் குஞ்சுப் பொரிப்பகங்களில் வானவில் ட்ரவுட் மீன்களுக்குக் கூட்டம் கூட்டமாகக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. தேடிப் போனபோது காரணம் தீவனத்தில் இருந்த பருத்திக்கொட்டை மாவு என்று தெரிந்தது. மாவில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகியிருந்தது. வெளியே பார்க்க மாவு மாவாகத்தான் இருந்திருக்கும். சரியாகக் காயாத இலைப்பொடியை மூட்டையில் கட்டி வைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இலையை நிழலில், கையில் எடுத்துக் கசக்கினால் நொறுங்கும் வரை உலர்த்துங்கள். காற்றுப் புகாத டப்பாவில், சிறு சிறு அளவாக, இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் தங்காதபடி வையுங்கள். கட்டி கட்டியாக ஒட்டியிருந்தாலோ முடை வாடை வந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வேப்பிலையை அப்படியே குளத்தில் போட்டால்?

போடாதீர்கள். இலை அழுகும்போது ஆக்சிஜனை இழுக்கும், வேம்பின் கசப்புப் பொருள் அளவு மீறினால் குஞ்சுக்கு நஞ்சு. எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வழியும் இல்லை.

விரால், கொடுவா, ட்ரவுட் போன்ற மாமிசம் உண்ணும் மீன்களுக்குப் பொருந்துமா?

பொருந்தும், இன்னும் குறைந்த அளவில். அவற்றின் குடல் குட்டை. நார்ச்சத்தையும் மாவுச்சத்தையும் கெண்டைபோலக் கையாளத் தெரியாது. பொடியாகக் கொடுப்பதைவிடச் சாறாகவோ எண்ணெயாகவோ கொடுப்பது இவற்றுக்கு ஒத்துப்போகும். வாசனையிலும் இவை கறார். புதிய வாசனை வந்தால் இரண்டு நாள் தயங்கும். முதல் வாரம் பாதி அளவு, பிறகு முழு அளவு என்று பழக்குங்கள்.

புரோபயாட்டிக்கோடு, அதாவது நல்ல பாக்டீரியாக் கலவையோடு, சேர்த்துக் கொடுக்கலாமா?

ஒரே கலவையில் வேண்டாம். பூண்டும் வாசனை எண்ணெயும் நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று பார்த்து அடிப்பதில்லை. வெவ்வேறு வேளைத் தீவனத்தில், இன்னும் நல்லது வெவ்வேறு வாரத்தில்.

மீனுக்குப் பூண்டு வாடை வந்துவிடாதா?

குஞ்சுப் பருவத்தில் கொடுத்தது விற்கும் காலம் வரை தங்காது.

உண்மையிலேயே பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சேர்க்காத குஞ்சும் பக்கத்திலேயே வளர வேண்டும். இது ஒன்றைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. சேர்த்தேன், குஞ்சு நன்றாக வந்தது என்கிறார்கள். சேர்க்காமல் இருந்தாலும் அந்த முறை நன்றாக வந்திருக்குமோ?

ஒரே குளத்தில் ஆறு ஹாப்பா வலைகள் (தண்ணீருக்குள் கட்டும் பெட்டி போன்ற வலைகள்) கட்டுங்கள். ஒரே தாய்மீன்களிடமிருந்து வந்த, ஏறக்குறைய ஒரே அளவுள்ள குஞ்சுகளை, ஒவ்வொன்றிலும் 200 என்று எண்ணி விடுங்கள். மூன்றுக்கு மூலிகைத் தீவனம், மூன்றுக்குச் சாதாரணத் தீவனம். சாதாரணத் தீவனத்திலும் அதே அளவு எண்ணெயைப் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயால் வந்த எடையைப் பூண்டின் கணக்கில் எழுதிவிடுவோம். வலைகளைச் சீட்டுக் குலுக்கி ஒதுக்குங்கள். மூலிகை வலைகள் மூன்றும் தண்ணீருக்குக் காற்றூட்டும் ஏரேட்டர் பக்கம், மற்றவை மூலையில் என்று அமைந்துவிட்டால் சோதனை வீண்.

வாரம் ஒரு முறை ஒவ்வொரு வலையிலிருந்தும் 30 குஞ்சுகளை எடுத்து மொத்தமாக எடை போடுங்கள். ஐந்தாறு வாரம் கழித்து எல்லாவற்றையும் எண்ணுங்கள். அப்போது பார்க்க வேண்டியது சராசரியை மட்டும் இல்லை. மூலிகை வலைகளில் 172, 181, 176 தேறி, மற்றவற்றில் 170, 183, 174 தேறியிருந்தால் வித்தியாசம் எதுவும் இல்லை. ஒரே தீவனம் தின்ற வலைகளுக்குள்ளேயே அதைவிடப் பெரிய ஏற்ற இறக்கம் இருக்கிறதே. மூலிகை வலைகள் மூன்றுமே மற்ற மூன்றையும் தெளிவாகத் தாண்டினால்தான் நம்பத் தொடங்கலாம், அதையும் இன்னொரு பருவத்தில் செய்து பார்த்துவிட்டு.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். தீவனம் போட்ட முதல் ஐந்து நிமிடம் குனிந்து பாருங்கள். எத்தனை வேகமாக மேலே வருகின்றன, ஓரத்தில் ஒதுங்கி நிற்பவை எத்தனை, எல்லாம் ஒரே அளவில் இருக்கின்றனவா, இல்லை சில பெருத்தும் பல வாடியும் இருக்கின்றனவா? கழிவு துண்டு துண்டாக விழுகிறதா, வெள்ளை நூல்போல நீண்டு தொங்குகிறதா? வெள்ளை நூல் தொங்கினால் குடலில் ஏதோ சரியில்லை.

நூறு சதவீதம் மூலிகை என்று எழுதிய பாக்கெட்டுகளை நம்பலாமா?

எந்தச் செடி, எந்தப் பாகம், கிலோவுக்கு எத்தனை கிராம், செயல்படும் பொருள் எத்தனை சதவீதம், தயாரித்த தேதி. இந்த ஐந்தும் அச்சிட்டிருந்தால் வாங்குவதை யோசிக்கலாம். "அரிய மூலிகைகளின் கலவை" என்று மட்டும் இருந்தால் வேண்டாம். ஒரே நாளில் இறப்பு நிற்கும் என்று சொல்லும் பொடியைக் கண்டால் இன்னும் கவனம் தேவை. லேபிளில் சொல்லாத ஆன்டிபயாடிக் உள்ளே இருந்தால், மீனில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் எச்சச் சோதனையில் பதில் சொல்ல வேண்டியது குஞ்சு வளர்த்தவர்தான்.

தண்ணீர் அவ்வளவு நன்றாக இல்லை. மூலிகை கொடுத்துச் சமாளிக்க முடியுமா?

முடியாது. ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே நாள்தோறும் இறங்கும் தொட்டியில், நெருக்கடியாக விட்ட குஞ்சுக்கு, உடலின் எதிர்ப்பாற்றலை அழுத்தச் சுரப்பான கார்ட்டிசாலே அடக்கிவைக்கிறது. ஒரு பக்கம் மூலிகை எழுப்ப, மறுபக்கம் தண்ணீர் அழுத்துகிறது. குஞ்சின் நெருக்கத்தைக் குறைக்கக் கை வராதவர்கள் மூலிகைக்குச் செலவழிப்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அந்தச் செலவு முதலில் ஓர் ஏரேட்டருக்குப் போகட்டும்.

குஞ்சை வேறு இடத்துக்கு அனுப்பும் முன் என்ன செய்யலாம்?

மூலிகைத் தீவனத்துக்கு உண்மையிலேயே பொருத்தமான சமயம் இது. அனுப்பும் நாளுக்கு மூன்று வாரம் முன் தொடங்குங்கள். கடைசி நாளில், எந்தத் தீவனமும் கொடுக்காமல் 24 மணி நேரம் வயிற்றைக் காலியாக விடுங்கள். நிறைந்த வயிற்றோடு பைக்குள் போன குஞ்சு வழியிலேயே கழிந்து, அந்தக் கொஞ்சத் தண்ணீரை அம்மோனியாவால் நிரப்பிவிடும். போய்ச் சேர்ந்ததும் பையை அப்படியே புதிய குளத்து நீரில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, அவை தாமாக நீந்தி வெளியேறும் வரை பொறுத்திருங்கள். மறுநாள் காலையில் முதல் தீவனம், அன்று மூலிகை எதுவும் சேர்க்காமல்.